ஆயிரத்துச் சொச்ச ரூபாய் வாட்ச்... கடலுக்கு அடியில் கைகொடுக்குமா?

அந்தமானின் ஸ்வராஜ் த்வீப். ஹேவ்லாக் என்று சொன்னால்தான் இன்னும் பலருக்குப் புரியும். காலையில் அங்கே டைவிங் படகில் ஏறுகிறவர்களின் மணிக்கட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சின்ன அப்பளம் சைஸில் டைவ் கம்ப்யூட்டர் கட்டியிருப்பார்கள் சிலர். சிலர் கை வெறுமையாக இருக்கும். அபூர்வமாக யாராவது ஒருவர், ஒரு கையில் டைவ் கம்ப்யூட்டரும் இன்னொரு கையில் கறுப்பு பிளாஸ்டிக் வாட்ச்சும் கட்டிக்கொண்டு வருவார். பத்தாம் வகுப்பு பாஸானதற்கு மாமா வாங்கிக் கொடுத்த மாதிரி ஒரு வாட்ச்.

அது எதற்கு என்று கேட்டால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒற்றை வார்த்தைதான். ‘பேக்கப்!’

இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கருவிக்கு, ஆயிரத்துச் சொச்ச ரூபாய் வாட்ச் எப்படி பேக்கப் ஆகும்? அப்படிக் கட்டிக்கொண்டு போவது கெட்டிக்காரத்தனமா, ஆபத்தா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எந்த இடத்தில் எது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சோடா பாட்டில் கணக்கு

கடலுக்கு அடியில் மணி பார்ப்பது எதற்கு? ‘காற்று தீர்ந்துவிடுமே, அதற்குத்தான்’ என்று நினைத்தால் அது பாதிதான் சரி. சிலிண்டரில் எவ்வளவு காற்று பாக்கி என்பதைக் காட்டத் தனியாக மீட்டர் இருக்கிறது. வாட்ச் காட்டுவது அதைவிட மறைவான ஒரு கணக்கை.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் இருக்கும்போது அது வரும், போகும், தொந்தரவு இல்லை. தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் கரைந்து சேர ஆரம்பிக்கும். எவ்வளவு சேரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்.

சேர்ந்தது சேர்ந்தபடி இருந்தால் பிரச்னையில்லை. வேகமாக மேலே வந்தால்தான் வினை. சோடா பாட்டிலின் மூடியை ஒரேயடியாகத் திறந்தால் என்ன ஆகும்? அதே கதைதான் உடம்புக்குள்ளும். மூட்டு வலி, தோல் அரிப்பு என்று ஆரம்பித்து, முதுகுத்தண்டில் குமிழி மாட்டினால் கால்கள் செயலிழப்பது வரை போகலாம். 1870-களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு, ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று அடைத்த அறைகளில் அஸ்திவாரம் தோண்டிய தொழிலாளர்கள் இந்த நோயால் மடங்கி விழுந்தார்கள். பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையே அது முடக்கிப்போட்டது. வலியில் உடம்பை வளைத்து நடந்ததால் ‘பெண்ட்ஸ்’ என்று பெயர் வந்தது.

எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், எப்படி மேலே வர வேண்டும் என்று முதன்முதலில் முறையாக அட்டவணை போட்டுக் கொடுத்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆண்டு 1908. சோதனைக்கு அவர் பயன்படுத்தியது ஆடுகளை! அழுத்த அறைக்குள் ஆடுகளை விட்டு, வெளியே எடுத்து, எது கால் நொண்டுகிறது என்று பார்த்து எழுதிய கணக்கின் வழித்தோன்றல்தான் இன்றைய டைவர்கள் பார்க்கும் எல்லா அட்டவணைகளும்.

பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் ஆழம் என்றால் 147 நிமிடங்கள் வரை இருக்கலாம். 18 மீட்டர் என்றால் 56 நிமிடங்கள். 30 மீட்டர் என்றால் வெறும் 20. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையான 40 மீட்டரில் 9 நிமிடங்கள்தான். எண்கள் எவ்வளவு வேகமாகச் சரிகின்றன என்று பாருங்கள். 30 மீட்டரில் ஒரு ஆமை பின்னால் நீந்திக்கொண்டே போனால் 20 நிமிடங்கள் போவது தெரியவே தெரியாது.

ஒரு காற்றுப் பஞ்சமும் ஒரு வளையமும்

நேரத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் ஜான் ஜாக் ஃபீஷ்டர். சுவிட்சர்லாந்தின் பிளான்பான் வாட்ச் கம்பெனியை நடத்தியவர். டைவிங் பைத்தியமும்கூட. தெற்கு பிரான்ஸ் கடலில் ஒருமுறை நேரம் போனது தெரியாமல் இருந்து, சிலிண்டர் தீர்ந்துபோய், அடித்துப் பிடித்து மேலே வந்தார். பிழைத்தார். அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களான பாப் மலூபியே, கிளாட் ரிஃபோ இருவரும் தங்களுக்கு ஏற்ற வாட்ச் தேடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பெரிய எண்கள், சுற்றிலும் திருப்பக்கூடிய வளையம். இதுதான் அவர்கள் கேட்டது. 1953-ல் பிளான்பானின் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ பிறந்தது. ரோலெக்ஸின் சப்மரைனரும் அதே ஆண்டுதான்.

அந்த வளையம் ஒரு சாதாரண ஐடியா. இறங்கும்போது வளையத்தில் இருக்கும் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட வேண்டும். அப்புறம் எப்போது பார்த்தாலும் நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அவ்வளவு நிமிடங்கள் ஆகிவிட்டன. கூட்டல் கழித்தல் வேண்டாம். 25 மீட்டர் ஆழத்தில் மண்டை கொஞ்சம் மந்தமாகிவிடும் என்பதால், இது பெரிய உபகாரம்.

இன்றைய டைவ் வாட்ச்களில் இந்த வளையம் ஒரே திசையில்தான் திரும்பும். ஏன் தெரியுமா? பாறையில் இடித்துத் தானாக நகர்ந்தாலும், உண்மையில் ஆனதைவிட அதிக நேரம் ஆனதாகத்தான் அது காட்டும். அதை நம்பி நீங்கள் சீக்கிரம் மேலே வந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால்? 35 நிமிடங்கள் ஆனதை 20 என்று காட்டும். தப்பு நடந்தாலும் நல்ல பக்கமாக நடக்கட்டும் என்ற இந்த யோசனைக்கு எத்தனை லட்சமும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்க வேண்டியதில்லை. கேசியோவின் ‘டூரோ’ போன்ற சில ஆயிரம் ரூபாய் வாட்ச்சிலும் இதே வளையம் இருக்கிறது. 200 மீட்டர் நீர்த்தாங்கு அளவு, திருகி மூடும் சாவி எல்லாம் உண்டு. பில் கேட்ஸ் கையில் இந்த வாட்ச்சைப் பலமுறை படம் எடுத்திருக்கிறார்கள். அவருக்கு சப்மரைனர் வாங்கக் காசில்லாமல் இல்லை!

‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்ற மயக்க வார்த்தை

இப்போது அந்தப் பத்தாம் வகுப்பு வாட்ச்சுக்கு வருவோம். கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்தது. வடிவமைத்தவர் ரியூசுகே மொரியாய். கேசியோவில் அவருடைய முதல் வடிவமைப்பே இதுதான். எடை 21 கிராம். பேட்டரி ஏழு வருடங்கள் வரை ஓடும். அலாரம், நூறில் ஒரு விநாடி வரை காட்டும் ஸ்டாப்வாட்ச், மங்கலான பச்சை விளக்கு. முகப்பின் அடியில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று எழுதியிருக்கும்.

எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதா? இல்லை. அங்கேயே உஷாராக வேண்டும்.

எண் எதுவும் போடாமல் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் அர்த்தம், கை கழுவலாம், மழையில் நனையலாம் என்பதுதான். ‘30 மீட்டர்’ அல்லது ‘3 பார்’ என்று போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே கதை. ‘30 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, நான் 18 மீட்டர்தானே இறங்கப்போகிறேன்’ என்று கணக்குப் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. 50 மீட்டர் என்றால் நீச்சல், 100 மீட்டர் என்றால் ஸ்நார்க்கெலிங் என்பது வாட்ச் கம்பெனிகள் சொல்லும் பொதுக்கணக்கு. சாதாரண வாட்ச்களின் கையேட்டைப் பொறுமையாகப் பிரித்துப் படித்தால், சிலிண்டர் கட்டி டைவ் அடிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கும். யார் படிக்கிறார்கள்?

எண்ணுக்கும் நிஜத்துக்கும் இந்த இடைவெளி எதனால்? ‘கையை ஆட்டும்போது தண்ணீர் மோதி அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும்’ என்று ஒரு விளக்கம் ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தண்ணீருக்குள் கையை வீசினாலும் கூடும் அழுத்தம், 20 சென்டிமீட்டர் ஆழம் கூடினால் வருகிற அளவுதான். அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

நிஜமான காரணங்கள் சாதாரணமானவை. அந்த எண் புது வாட்ச்சுக்கு, சோதனைக்கூடத்தில், அசையாமல் வைத்துக் கொடுத்த அழுத்தத்துக்கு. சாதாரண வாட்ச்களில் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்தால் போதும். உங்கள் கையில் இருப்பதோ நான்கு வருடம் வியர்வையும் சோப்பும் பார்த்தது. பின்மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும். பஸ் ஸ்டாண்ட் வாசலில் பேட்டரி மாற்றியபோது அந்த வளையம் திரும்பச் சரியாக உட்கார்ந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியாக, தண்ணீருக்குள் பட்டனை அழுத்தும் பழக்கம். பட்டன் உள்ளே போகும் துளை வழியாகத்தான் தண்ணீரும் நுழையப் பார்க்கும்.

டைவிங்குக்கென்றே செய்த வாட்ச்சுக்குத் தனி தரக்கட்டுப்பாடு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதியிருப்பதைவிட 25 சதவிகிதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும். உப்புத் தண்ணீர், அதிர்ச்சி என்று இன்னும் பல பரீட்சைகள். ஒரு பரீட்சை நம் வீட்டு வைத்தியம் மாதிரி இருக்கும். வாட்ச்சைச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, துடைத்துப் பார்ப்பார்கள். உள்பக்கம் பனித்திருந்தால் எங்கேயோ ஈரம் இருக்கிறது, ஃபெயில். இதிலெல்லாம் தேறிய வாட்ச்சின் டயலில் ‘டைவர்ஸ்’ என்ற சொல்லும் ஆழமும் சேர்ந்து இருக்கும். அவை மலிவு வரிசையில் வராது. டூரோவிலும் அந்தச் சொல் கிடையாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 200 மீட்டர் அளவும் திருகு சாவியும் இருப்பதால், பொழுதுபோக்கு டைவர்கள் பலர் அதைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

எஃப்-91டபிள்யூவை வைத்தும் ஒரு கூட்டம் விளையாடுகிறது. பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, சிலிகான் எண்ணெயை நிரப்பி மூடிவிடுகிறார்கள். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால் வெளியே எவ்வளவு அழுத்தம் வந்தாலும் கேஸ் நசுங்க வழியில்லை. எண்ணெயில் மின்சாரம் பாயாது என்பதால் சர்க்யூட்டும் பிழைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண வாட்ச்சை தண்ணீருக்குள் கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் கண்ணாடி வெள்ளித்தட்டு மாதிரி மினுங்கி, எண் ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் காற்றுதான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. எண்ணெய் நிரப்பினால் எந்தக் கோணத்திலும் பளிச்சென்று தெரியும். அலாரம் சத்தம் மட்டும் கம்மிவிடும், வாரண்டியும் போய்விடும். ஒரு குமிழி உள்ளே மாட்டிக்கொண்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு நல்ல வேலை. உயிரை அதன்மேல் கட்டித் தொங்கவிட வேண்டுமா என்பது வேறு கேள்வி.

22 மீட்டரில் திரை அணைந்தால்?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். 22 மீட்டர் ஆழம். இறங்கி அரை மணி நேரம் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு. மணிக்கட்டைத் திருப்பினால் டைவ் கம்ப்யூட்டர் திரை வெறுமையாக இருக்கிறது. பேட்டரி போய்விட்டது. அதுவரை ஆழம், நேரம், மேலே வரும் வேகம், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு கையில் வாட்ச் இருக்கிறது. இப்போது அதை வைத்து அட்டவணைப்படி டைவைத் தொடரலாமா? கூடவே கூடாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

அட்டவணைக்குத் தெரிந்தது ஒரே ஆழம்தான். டைவ் முழுவதும் மிக ஆழமான இடத்திலேயே இருந்ததாகத்தான் அது கணக்குப் போடும். 25 மீட்டரில் ஐந்து நிமிடங்கள் மட்டும் இருந்துவிட்டு, மீதி 35 நிமிடங்கள் 12 மீட்டரில் சுற்றினாலும், அட்டவணை அதை 25 மீட்டரில் 40 நிமிடங்கள் என்றே எடுத்துக்கொள்ளும். அங்கே அனுமதி 29 நிமிடங்கள்தான்! டைவ் கம்ப்யூட்டர் அப்படியில்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, ஏறி இறங்கியதற்கெல்லாம் சலுகை கொடுத்துக் கணக்கிடும். 1983-ல் அமெரிக்காவில் ‘ஆர்கா எட்ஜ்’ என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து டைவர்கள் அதற்குப் பழகிப்போனது இதனால்தான். பாதி வழியில் அதிலிருந்து அட்டவணைக்குத் தாவினால், பல நேரம் அட்டவணைப்படி ஏற்கெனவே எல்லை தாண்டியிருப்பீர்கள்.

ஆகவே கம்ப்யூட்டர் அணைந்தால் டைவ் முடிந்தது. மேலே வர வேண்டியதுதான். அந்தப் பயணத்தில்தான் பிளாஸ்டிக் வாட்ச் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விதி. அதாவது 3 மீட்டர் ஏற 20 விநாடிகள். ஒரு கண் ஆழமானியில், ஒரு கண் விநாடியில். 22 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு வர கிட்டத்தட்ட இரண்டு நிமிடங்கள் ஆக வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு அது யுகமாகத் தெரியும்.

5 மீட்டரில் மூன்று நிமிடங்கள் நிற்க வேண்டும். சேஃப்ட்டி ஸ்டாப். பார்க்க மீன் இருக்காது, பிடிக்கப் பாறை இருக்காது, மேலே படகின் நிழல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். மனதுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணினால், பயத்தில் இருக்கிற மனசு 180-ஐ இரண்டே நிமிடத்தில் முடித்துவிடும். வாட்ச்சுக்குப் பயம் கிடையாது. அப்புறம் மேலே வந்து, 24 மணி நேரம் தண்ணீரில் இறங்காமல் இருப்பது வழக்கமான அறிவுரை. அதுவரை உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் இருந்தது என்ற கணக்கு அணைந்த கருவியோடு போய்விட்டதே!

கவனித்தீர்களா, இதில் வாட்ச்சோடு கூடவே ஓர் ஆழமானி தேவைப்படுகிறது. காற்று மீட்டரோடு சேர்த்து ரப்பர் உறையில் தொங்கும் முள் வைத்த ஆழமானி, பேட்டரி இல்லாமல் வேலை செய்யும். அது இல்லாவிட்டால் வாட்ச் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூட இறங்கிய ஜோடியின் கம்ப்யூட்டரைப் பார்த்து, அவரை ஒட்டியே ஏறுவதுதான்.

வாட்ச் கட்டுவதிலும் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. டிஜிட்டல் என்றால் ஸ்டாப்வாட்ச்சைப் படகிலேயே, குதிப்பதற்கு முன்பே ஓடவிட்டுவிட வேண்டும். தண்ணீருக்குள் பட்டனைத் தொடும் வேலையே மிச்சம். இரண்டு நிமிடம் கூடக் காட்டினால் காட்டட்டும், அது நல்ல பக்கத்துத் தப்பு. எஃப்-91டபிள்யூவின் ஸ்டாப்வாட்ச் 59 நிமிடம் 59 விநாடி வரைதான் போகும். அதன்பின் திரும்பப் பூஜ்யம். 65 நிமிடம் ஆழமில்லாத இடத்தில் சுற்றிவிட்டு ‘5’ என்று பார்த்தால் குழம்பிப் போவீர்கள். வெட்சூட் கைமேல் கட்ட சாதாரண பட்டை நீளம் போதாது என்பதையும் படகில் ஏறும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

‘என்னிடம் ஃபிட்னஸ் பேண்ட் இருக்கிறதே’ என்று கேட்கும் இளசுகளுக்கு: 5 ஏ.டி.எம். என்று போட்டது நீச்சல்குளத்துக்கு. தவிர, தொடுதிரை தண்ணீருக்குள் உங்கள் பேச்சைக் கேட்காது.

முதல்முறையாக டிரையல் டைவ் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். 12 மீட்டருக்குள்தான் கூட்டிப்போவார்கள். நேரம், காற்று, ஆழம் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பயிற்சியாளர் பொறுப்பு. ஆசையாக வாங்கிய வாட்ச்சை அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

சங்குக்குக் கூலி, நேரத்துக்குக் கூலி இல்லை

இந்த வாட்ச் விவகாரம் பொழுதுபோக்காக டைவ் அடிப்பவர்களோடு முடிவதில்லை. அவர்களுக்கு இது பேக்கப். கம்ப்யூட்டரே வாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி முங்கிய பரம்பரை பெரியது. ஒரே மூச்சில் போய்வருகிறவர்களுக்கு நைட்ரஜன் சேர நேரம் குறைவு. அழுத்தக் காற்று வந்தபிறகு கதை மாறியது. இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணப் பக்கக் கடலில் கடல் அட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளில் ஒரு சிலிண்டரோடு நிறுத்த மாட்டார்கள். ஒன்று தீர்ந்ததும் மேலே வந்து அடுத்ததை மாட்டிக்கொண்டு உடனே இறங்குவார்கள். மூட்டு வலியும் கால் மரத்துப்போவதும் இந்தத் தொழிலோடு சேர்ந்தே வருகின்றன. நடக்க முடியாமல் போனவர்களும் உண்டு.

இவர்கள் கையில் டைவ் கம்ப்யூட்டர் இருக்காது. அடிப்படை மாடலே பதினைந்து, இருபதாயிரம் ரூபாயைத் தொடும். 200 மீட்டர் தாங்கும் சாதாரண வாட்ச் ஒன்றும், பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த அட்டவணை ஒன்றும், முள் வைத்த ஆழமானி ஒன்றும் சேர்ந்தால் அதில் ஒரு சின்னப் பங்குதான் செலவாகும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் உலகம் முழுக்க டைவர்கள் இந்த மூன்றை வைத்துத்தான் இறங்கினார்கள்.

ஆனால் வாட்ச் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? அட்டவணை இரண்டு நேரங்களைக் கேட்கும். கீழே இருந்த நேரம் ஒன்று. இரண்டு டைவுக்கு நடுவில் படகில் உட்கார்ந்திருந்த நேரம் இன்னொன்று. சேர்ந்த நைட்ரஜன் வெளியேற அந்த இரண்டாவது நேரம் கட்டாயம் வேண்டும். எடுத்துவரும் சங்குக்கும் அட்டைக்கும்தான் காசு. படகில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை. வாட்ச் ‘இன்னும் 40 நிமிடம் பொறு’ என்று காட்டினால், படகுக்காரர் ‘நேரமாகுது’ என்பார். இரண்டும் ஒரே வாட்ச்சைப் பார்த்துச் சொல்லப்படும் பேச்சுதான்.

ஃபிளைட்டுக்கு எத்தனை மணி?

அந்தமான் போகிறவர்களுக்கு கடைசியாக ஒரு கணக்கு. இதற்கு எந்த வாட்ச்சும் போதும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது மேலே பறப்பது, சோடா பாட்டிலை இன்னும் கொஞ்சம் திறப்பது மாதிரி. டைவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் ‘டான்’ அமைப்பு சொல்வது இது. ஒரே ஒரு டைவ், அதுவும் எல்லைக்குள் முடிந்தது என்றால் குறைந்தது 12 மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம். ஒரே நாளில் பல டைவ், அல்லது அடுத்தடுத்த நாட்களில் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். அட்டவணை எல்லையைத் தாண்டி, நின்று நின்று ஏறும்படி ஆகியிருந்தால் அதற்கும் கூடுதல்.

நான்கு நாள் பேக்கேஜில் போகிறவர்கள் கடைசி நாளைக்கு முந்தின மாலை வரை டைவ் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது டைவ் முடிந்து மேலே வந்தபோது மாலை 3.30 என்று வையுங்கள். 18 மணி நேரம் கூட்டினால் மறுநாள் காலை 9.30. போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜய புரத்திலிருந்து, சென்னைக்குக் காலை 8 மணி ஃபிளைட் புக் செய்திருந்தால் ஒன்றரை மணி நேரம் உதைக்கிறது. அந்த டைவைக் காலைக்கு மாற்றுங்கள், அல்லது ஃபிளைட்டை மதியத்துக்குத் தள்ளுங்கள். டிக்கெட் போடும்போதே இதைப் பார்த்துவிட்டால் மாற்றக் கட்டணமும் மிச்சம்.

படகிலிருந்து இறங்கியதும் வாட்ச்சை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, நிழலில் காயவைத்துவிடுங்கள். உப்பு காய்ந்து பட்டன் ஓரத்தில் படிந்தால், அடுத்த முறை அழுத்தும்போது அந்த ரப்பரைத்தான் முதலில் அறுக்கும்.